காட்டுக்குள் கூடாரம் அடித்தால் என்ன கோப்பி கொண்டு போவது?

நிலாவெளிப் பொடியன்

ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் கந்தளாய்க்கு உள்ளே, நண்பன் ஒருவனின் மாமாவுடைய காணியில் மூன்று இரவு கூடாரம் அடிக்கப் போகிறோம். காணி வரைக்கும் வாகனம் போகாது, கடைசி இரண்டு கிலோமீற்றர் நடைதான். சோறு கறிப் பொறுப்பை ஒருவன் எடுத்துவிட்டான், கோப்பி என் தலையில் விழுந்தது.

இதுவரை எல்லாரும் 3 இன் 1 பைக்கற்தான் கொண்டு போவோம். அதில் இருப்பது கோப்பியா சீனியா என்றே விளங்காது. இந்த முறை உண்மையான கோப்பி குடிக்க ஆசை. கொழும்பில் இருக்கும் மச்சானிடம் சொன்னால் பிரெஞ்ச் பிரஸ் (வலைத்தண்டால் மண்டியை அடியில் அமுக்குவது), ஏரோபிரஸ் (குழாய்க்குள் தண்டைத் தள்ளிக் கோப்பி இறக்குவது), மோக்கா பானை (அடுப்பில் வைத்தால் ஆவி அழுத்தத்தில் கோப்பி மேலேறுவது) என்று எந்தக் கருவி வேண்டுமென்றாலும் வாங்கி வருவான். ஆனால் கையில் பெரிய காசு இல்லை. இரண்டு பேர் வெறும் கோப்பி குடிப்பவர்கள், மற்றவர்களுக்குப் பால்மா வேண்டும். எதை வாங்கலாம்?


வாடைக்காற்று

தேயிலை கொண்டு போங்கள் தம்பி. பிரச்சினை முடிந்தது.


கந்தளாய்க்காரி

எந்தக் கருவி என்று கேட்க முதல், அங்கே தண்ணீர் எப்படி என்று சொல்லுங்கள். கிணறா, குளமா, தூக்கிக்கொண்டு போகிறீர்களா?


நிலாவெளிப் பொடியன்

கட்டுக்கிணறு ஒன்று இருக்கிறது அக்கா. குளிக்க நல்லது, குடித்தால் நாக்கில் ஒரு உவர்ப்பு நிற்கும். பக்கத்தில் சின்னக் குளம் ஒன்றும் உண்டு, ஓகஸ்டில் அதில் அடித்தண்ணிதான் மிஞ்சும். குடிக்க மட்டும் ஐந்து லீற்றர் கேன்களில் கொண்டு போக எண்ணம்.


கந்தளாய்க்காரி

நினைத்தேன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலதில் சுண்ணாம்புத் தன்மை கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கிறதே, அதுதான். அந்தத் தண்ணீரில் எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் ருசி மங்கிவிடும். தண்ணீரில் கரைந்துள்ள இருகாபனேற்று என்ற உப்பு கோப்பியின் மெல்லிய புளிப்பை அடக்கிவிடுகிறது. அந்தப் புளிப்புப் போனால் மிஞ்சுவது கசப்பு மட்டும்தான். பிறகு தூள் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டுவோம்.

அதற்காக ஆர்ஓ தண்ணீரை, அதாவது இயந்திரத்தில் வடித்து உப்பு நீக்கிய தண்ணீரை, மட்டும் நம்பியும் போக வேண்டாம். அதில் கனிமங்கள் பெரும்பாலும் எடுபட்டுவிடும், கோப்பி சப்பென்று இருக்கும். கோப்பி ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் லீற்றருக்கு 150 மில்லிகிராம் அளவில் கனிமங்கள் கரைந்த தண்ணீரை நல்லது என்கிறார்கள். சில போத்தல் தண்ணீரில் இந்த அளவு லேபிளிலேயே இருக்கும், பார்த்து வாங்கலாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்து நன்றாகக் கொதிக்க விடுங்கள். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் இதுதான் வழி.

குளத்துத் தண்ணீரைத் தொட வேண்டாம். கொதித்தால் கிருமி சாகும், சரி. ஆனால் வற்றிய குளத்தில் படரும் நீலப்பச்சைப் பாசி விடுகிற நஞ்சு கொதித்தாலும் போகாது. அதில் கோப்பை கழுவுவதும் வேண்டாம்.

கழுவுவது என்றதும்தான் பிரெஞ்ச் பிரஸ் ஞாபகம் வருகிறது. அதன் வலைக்குள் மண்டி போய்ச் செருகிக்கொள்ளும், கழற்றித்தான் கழுவ வேண்டும். ஆறு பேருக்குக் காலையும் மாலையும் போட்டுக் கழுவினால், நீங்கள் தோளில் சுமந்த தண்ணீரில் நல்லதொரு பங்கு அந்த வலைக்கே போய்விடும். கண்ணாடி என்றால் நடையிலேயே உடையவும் கூடும். என்னைக் கேட்டால், வரண்ட காட்டுக்குக் கொண்டு போகும் கருவியில் முதலில் பார்க்க வேண்டியது அது கழுவ எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பதைத்தான். விலையெல்லாம் அப்புறம்.


கொட்டியாரக்கரை

அக்கா சொல்வது சரி, ஆனால் அந்தக் கணக்கில் ஜெயிப்பதே ஏரோபிரஸ்தான். கோப்பி இறங்கியதும் தண்டை இன்னும் கொஞ்சம் தள்ளினால் மண்டி உருண்டையாக வெளியே விழும். ரப்பரை ஒரு துணியால் துடைத்தால் போதும். 2005ல் அமெரிக்காவில் விளையாட்டுச் சாமான் செய்கிற ஒரு நிறுவனம் கொண்டுவந்தது, இதைக் கண்டுபிடித்த ஆள்தான் வெகுதூரம் பறக்கும் விளையாட்டு வளையத்தையும் கண்டுபிடித்தவர். பிளாஸ்டிக், பாரம் இல்லை, உடையாது. கடதாசி வடி போடுவதால் கோப்பி தெளிவாக வரும்.

குறை என்னவென்றால் ஒரு தரத்துக்கு ஒரு கோப்பைதான். ஆறு பேர் என்றால் முதல் ஆள் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்த பிறகுதான் ஆறாவது ஆளுக்குக் கிடைக்கும். கடுப்பாகச் சாறு எடுத்துச் சுடுதண்ணீர் கலந்து இரண்டு பேருக்குப் பகிரலாம், அப்படியும் மூன்று தரம் அழுத்த வேண்டும்.

மோக்கா பானையை விறகடுப்பில் வைக்க நினைத்தால் மறந்துவிடுங்கள். கைப்பிடி பிளாஸ்டிக், நடுவில் ரப்பர் வளையம், நெருப்பு பக்கத்தால் ஏறினால் இரண்டும் போச்சு. காஸ் அடுப்பில் அருமையாக வேலை செய்யும்.


பழைய சாரதி

எல்லாரும் கருவிக்குள்ளேயே நிற்கிறீர்கள். காட்டுப் பாதையில் ஆட்களை ஏற்றி இறக்கிய அனுபவத்தில் சொல்கிறேன், காலையில் ஐந்து மணிக்கு எழும்பி ஒருவரும் தூளை நிறுத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். இன்ஸ்டன்ட் கோப்பியை ஏன் இவ்வளவு கேவலமாகப் பார்க்கிறீர்கள்? அதிலும் தரம் இருக்கிறது. மாவாக இருப்பது சூடான காற்றில் தெளித்து உலர்த்தியது, அந்தச் சூட்டில் வாசனையின் பெரும்பங்கு போய்விடும். கட்டி கட்டியாக, சிறு கல்லுப்புப் போல இருப்பது உறையவைத்து உலர்த்தியது. விலை கூட, ஆனால் வாசம் நிற்கும். 3 இன் 1ஐக் குடித்துவிட்டு இன்ஸ்டன்டே கூடாது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது தம்பி, அதில் பாதிக்கு மேல் சீனியும் பால் போன்ற ஏதோ ஒன்றும்தான்.

போத்தலாக வாங்க வேண்டாம். நிலாவெளிக் காற்றில் மூடியை நாலு தரம் திறந்தால் ஈரம் இழுத்துப் பிசினாகிவிடும். ஒரு கோப்பைக்கு ஒன்றாக வரும் சின்னப் பைக்கற் வாங்குங்கள்.


கொட்டியாரக்கரை

ஐயா, உறையவைத்து உலர்த்தியது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பி கேட்டது உண்மையான கோப்பி.


பழைய சாரதி

அதுவும் கோப்பிக்கொட்டையில் செய்ததுதான்.


மலைநாட்டான்

நான் பிறந்தது மாத்தளை, இப்போது இருப்பது திருகோணமலை. கருவியை வைத்துவிட்டுக் கொஞ்சம் கொட்டைக்கு வாருங்கள்.

நம் நாட்டில் தேயிலைக்கு முன் மலைகளில் நின்றது கோப்பிதான். 1869ல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது, சில பத்து ஆண்டுகளில் தோட்டத்துரைமார் தேயிலைக்கு மாறிவிட்டார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்த எங்கள் முன்னோர் முதலில் பறித்தது கோப்பிப் பழம், கொழுந்து அல்ல. இன்றும் மாத்தளை, கண்டி, பதுளைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கும் கராம்புக்கும் நடுவே கோப்பிச் செடி நிற்கும்.

அப்படி வருவதில் நிறைய ரொபஸ்டா இனம். மற்ற இனமான அரபிக்காவை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு கஃபீன், கசப்பும் கனமும் கூட. பால்மாவும் சீனியும் போட்டுக் குடிப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம், பாலுக்குள் அமுங்கிப் போகாது. வெறும் கோப்பி குடிக்கிற இரண்டு பேருக்கு உயர்ந்த மலையில் விளைந்த அரபிக்கா, நடுத்தர வறுவலில், கொஞ்சம் தனியாக வாங்குங்கள். கருக வறுத்ததை வாங்கிவிட்டு அரபிக்கா ரொபஸ்டா என்று பேசுவதில் பயனில்லை, கருகல் ருசி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

அடுத்தது வறுத்த திகதி. காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டாம், எப்போது வறுத்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையை விட்டுவிடுங்கள். கொட்டையாக இருந்தால் வறுத்து ஒரு மாதம் வரைக்கும் நன்றாக இருக்கும். தூளாக்கியதும் காற்றுப் படும் பரப்பு கூடுவதால் வாசம் நாள்கணக்கில் ஓடிவிடும். ஆகவே புறப்படுவதற்கு முதல்நாள் அரைத்து, காற்றை நெரித்து வெளியேற்றிய பொலித்தீன் பையில், ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு பொட்டலமாகக் கட்டுங்கள். ஒரே பையைத் திறந்து திறந்து மூடினால் மூன்றாம் நாள் குடிப்பது வேறொரு கோப்பி.


சம்பூர்த் தங்கச்சி

இதற்கெல்லாம் ஏன் அண்ணா இவ்வளவு செலவு? எங்கள் அம்மம்மா தாச்சியில் கொட்டையை வறுத்து, அதோடு மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்து வைப்பார். பானையில் தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு இறக்கி மூடிவிடுவார். மண்டி அடியில் இறங்கியதும் துணியில் வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். வேறு ஒரு கருவியும் இல்லை. எங்கள் ஊரில் செத்த வீட்டில் விடிய விடிய விழித்திருப்பவர்களுக்கும் இதே கோப்பிதான், அத்தனை பேருக்கும் ஒரே கிடாரத்தில் போடலாம். ஆறு பேர் எம்மாத்திரம்?


நிலாவெளிப் பொடியன்

தங்கச்சி, செத்த வீட்டுக் கோப்பி என்றதும் எங்கள் குழுவில் இரண்டு பேர் பயந்துவிட்டார்கள். ஆனால் ஒரே பானையில் ஆறு பேருக்கும் என்பது பிடித்திருக்கிறது. வெறும் தூளைப் பானையில் போட்டால் கசந்து போகாதா?


மலைநாட்டான்

கசப்பதற்குக் காரணம் பானை இல்லை, தூளைப் போட்ட பிறகும் கொதிக்க விடுவதுதான். 90 முதல் 96 பாகை வரையிலான சூட்டில் கோப்பி நன்றாக இறங்கும். கடல்மட்டத்தை ஒட்டிய நம் பக்கத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஆகவே கொதித்ததும் அடுப்பை நிறுத்தி அரை நிமிடம் விடுங்கள். தூளைப் போட்டு ஒரு கிண்டு, மூடி வைத்து நாலு நிமிடம். மேலே மிதக்கும் ஆடையைக் கரண்டியால் உடைத்தால் தூள் அடியில் போகும். இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்து, ஆட்டாமல் மெல்ல ஊற்றுங்கள். பானையிலேயே விட்டு வைக்க வேண்டாம், மண்டியோடு நிற்கும் வரை கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். மிஞ்சியதைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிவிடுங்கள்.

கடையில் அரைக்கும்போது ரவை அளவுக்கு அரைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளில் கேட்காமல் விட்டால் மாவாக அரைத்துத் தருவார்கள். மாவு அடியில் இறங்காது, வாய்க்குள்தான் இறங்கும்.


கொட்டியாரக்கரை

ஆடை உடைத்த பிறகு ஒரு கைப்பிடி பச்சைத் தண்ணீர் தெளித்தால் மண்டி சீக்கிரம் இறங்கும் என்பார்கள். செய்து பார்த்திருக்கிறீர்களா?


மலைநாட்டான்

தெளிப்பேன். தூள் ஊறிவிட்டால் தெளிக்காமலும் இறங்கும். சூட்டைக் கொஞ்சம் குறைக்கிறது, நாக்கு வேகாது, அவ்வளவுதான் பயன்.


கந்தளாய்க்காரி

பானைக் கோப்பிக்கு என் வாக்கும். சமைக்கிற பானையே கோப்பிப் பானை, கழுவ வேண்டிய புதுச் சாமான் ஒன்றும் இல்லை. ஆனால் மீன் காய்ச்சிய பானையில் போட வேண்டாம். அந்த மணத்தை எந்த அரபிக்காவும் வெல்லாது. ஒரு பானையைக் கோப்பிக்கென்றே ஒதுக்குங்கள்.


மூதூர் ஆசிரியர்

ருசி பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், நான் நெருப்புப் பற்றிச் சொல்கிறேன். ஓகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் விறகடுப்புக் கோப்பிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மாமாவின் காணியோடு பக்கத்துக் காணியும் போகும். சின்ன காஸ் குப்பி பொருத்தும் கையடக்க அடுப்பு கொண்டு போங்கள். காற்றுக்கு மறைப்பு வேண்டும்தான், ஆனால் அடுப்பைச் சுற்றித் தகரத்தால் இறுக்கி மூட வேண்டாம். குப்பி சூடேறினால் வெடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும், கொஞ்சம் தள்ளி, ஒரு பெட்டியையோ முதுகுப்பையையோ வைத்தால் போதும். இன்னும் நல்லது, விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, யானை. அது உங்களுக்கே தெரிந்த பக்கம். சீனி, பனங்கட்டி, உப்பு, பழம் எதையும் படுக்கிற கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. காணிக்காரரிடம் கேட்டு அவர் எங்கே வைக்கச் சொல்கிறாரோ அங்கே வையுங்கள். யானை வரும் வழியும் அவருக்குத்தான் தெரியும், கூடாரம் அடிக்கும் இடத்தையும் அவரையே காட்டச் சொல்லுங்கள்.

கோப்பி மண்டியைக் குளக்கரையில் கொட்ட வேண்டாம். உரம்தானே என்பார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு உரம், குளத்துக்குக் குப்பை. பிழிந்து அதே பொலித்தீன் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து கறிவேப்பிலை மரத்தடியில் போடுங்கள்.


சம்பூர்த் தங்கச்சி

இரவில் கோப்பி குடித்தால் நித்திரை வராதே சேர்?


மூதூர் ஆசிரியர்

கஃபீன் பாதி கரையவே ஐந்து மணித்தியாலம் போல எடுக்கும், ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். மாலை நாலரைக்கு நிறுத்திக்கொள்ளலாம். யானைக் காவலுக்கு முறை வைத்து விழிப்பவர் மட்டும் இரவில் குடிக்கட்டும். மற்றவர்களுக்கு உங்கள் அம்மம்மாவின் முறையிலேயே கோப்பிக்கொட்டை சேர்க்காமல் மல்லி, வேர்க்கொம்பு மட்டும் போட்டால் நல்லது.


அலஸ்தோட்டம்

இடையில் வருகிறேன். நாங்கள் ஹோட்டன் சமவெளியில் முன்பதிவு செய்து தங்கப் போகிறோம். இதே முறை அங்கேயும் சரிவருமா?


மலைநாட்டான்

சில மாற்றம் வேண்டும். அந்த உயரத்தில், ஏறத்தாழ 2,100 மீற்றர், தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். அரை நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை, கொதித்த கையோடு தூளைப் போடுங்கள். மூடி கட்டாயம் வேண்டும், குளிரில் பானை சீக்கிரம் ஆறும். ஒரு நிமிடம் கூட ஊற விடலாம். வெளிறிய வறுவலைக் கொண்டு போக வேண்டாம், அது இறங்க நல்ல சூடு கேட்கும். அங்கே புளித்துத்தான் நிற்கும்.

அடுப்பும் படுத்தும். நம் ஊரில் விற்கும் குப்பிகள் பலதில் இருப்பது பியூட்டேன். உறைநிலைக்குக் கிட்டப் போனால் அது ஆவியாகாமல் அடியிலேயே கிடக்கும். இரவில் குப்பியைப் போர்வைக்குள் வைத்துப் படுத்தால் காலையில் எரியும்.


பழைய சாரதி

இந்தக் குளிரில் குப்பியோடு படுப்பதை விட இன்ஸ்டன்ட் பைக்கற்றோடு படுக்கலாம்.


மலைநாட்டான்

அதைக் கரைக்கவும் சுடுதண்ணீர் வேண்டும் ஐயா.


நிலாவெளிப் பொடியன்

சரி, பானைக் கோப்பி என்று முடிவு செய்தாயிற்று. மச்சானிடம் கருவி ஒன்றும் சொல்லவில்லை, அரபிக்கா மட்டும் கொஞ்சம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். இன்ஸ்டன்ட் பைக்கற்றும் சிலது வைக்கிறேன், சாரதி ஐயா கோபிக்க வேண்டாம். மொத்தம் எவ்வளவு தூள் வேண்டும்? இன்னொன்று, குளிர் கோப்பி என்று ஒன்று சொல்கிறார்களே, மத்தியான வெயிலுக்கு அது சரியா?


கொட்டியாரக்கரை

லீற்றருக்கு 60 கிராம் என்று வையுங்கள். ஒரு கோப்பை 150 மில்லிலீற்றர் என்றால் 9 கிராம், ஆறு பேருக்கு ஒரு வேளைக்கு 54. மூன்று மாலை, மூன்று காலை, ஆறு வேளைக்கு 324. சிந்துவதையும் ஆசைப்பட்டு இரண்டாம் கோப்பை கேட்பவனையும் சேர்த்து 400 கிராம் கொண்டு போங்கள். தராசு தேவையில்லை, வீட்டில் ஒரு தரம் நிறுத்துப் பார்த்து எந்தக் கரண்டியில் எத்தனை என்று குறித்துக்கொண்டால் போதும். பால்மா போடுபவர்களுக்குத் தூள் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். பால்மாவை நேரே கோப்பிக்குள் கொட்டாமல் தனிக் கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கட்டி பிடிக்காது. ரின்பால் வேண்டாம், திறந்த ரின்னை எறும்பிடம் இருந்து காப்பாற்ற முடியாது.

குளிர் கோப்பிக்கு ஒரு பங்கு தூளுக்கு எட்டுப் பங்கு பச்சைத் தண்ணீர், 12 மணித்தியாலத்துக்கு மேல் ஊற விட்டு வடிக்க வேண்டும். கசப்புக் குறைவு, அருமையாக இருக்கும். ஆனால் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். கந்தளாய் வெயிலில் வெளியே ஊற வைத்தால் வயிற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் போட்டு வடித்து, ஐஸ் பெட்டியில் கொண்டு போய் முதல் நாளே குடித்து முடித்துவிடுங்கள்.


கந்தளாய்க்காரி

ஐஸ் பெட்டியை அந்த இரண்டு கிலோமீற்றர் யார் தூக்குவது? குளிர் கோப்பியை விட்டுவிட்டுத் தண்ணீர் ஒரு கேன் கூடக் கொண்டு போங்கள் தம்பி.


வாடைக்காற்று

கோப்பிக்கு ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கசப்பு அடங்கும் என்று எங்கேயோ வாசித்தேன். உண்மையா?


மலைநாட்டான்

உண்மைதான், உப்பு நாக்கில் கசப்பைக் குறைக்கும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் கலக்கிறவர்களுக்கு அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, மேலதிகமாகப் போட வேண்டாம்.


நிலாவெளிப் பொடியன்

கடைசிச் சந்தேகம். வடிக்கிற துணி எங்கே வாங்குவது? அரிதட்டுப் போதாதா?


சம்பூர்த் தங்கச்சி

அரிதட்டில் ரவையும் இறங்கிவிடும் அண்ணா. புடவைக்கடையில் மெல்லிய வெள்ளை மல் துணி அரை மீற்றர் கேளுங்கள், இரண்டாக மடித்துப் பாவிக்கலாம். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், வீட்டிலேயே சவர்க்காரம் போடாமல் கொதிதண்ணீரில் இரண்டு தரம் அவித்துக் காயப் போடுங்கள். சவர்க்காரம் பட்ட துணி என்றால் மூன்று நாளும் கோப்பியில் அந்த மணம்தான் வரும். அங்கே ஒவ்வொரு முறையும் மண்டியை உதறி, ஒரு கோப்பைத் தண்ணீரில் அலசி, வெயிலில் விரித்துவிட்டால் காணும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் புளிச்சல் நாற்றம் ஏறும், அதற்கு மட்டும் இரண்டாவது துண்டு ஒன்றை மறக்காமல் வையுங்கள்.